ஈரத்தைச் சொல்லாத எண்

சென்னையில் இருக்கும் சித்தி மகள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அம்மா முடைந்து கொடுத்த பனைநார்ப் பெட்டி. மூலை மடியும் இடத்தில் நார் முறிந்து, முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, பெரியம்மா குடுத்ததுன்னு பெட்ரூம்ல ஏசியிலதான் பத்திரமா வச்சிருந்தேன். வெயில் படல, ஒரு சொட்டுத் தண்ணி படல. எப்படிக்கா முறிஞ்சுச்சு?"

தண்ணி படாததால்தான் முறிந்தது. போனில் சொன்னால் கேலி செய்கிறேன் என்று நினைப்பாள். விளக்கமாகச் சொல்லவும் ரொம்ப நாளாக எனக்கு ஆசை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. கம்பியைப் பிடித்து இழுத்து அறுக்கிற மெஷின், கான்கிரீட் கட்டையை நசுக்குகிற மெஷின், இவைதான் என் சம்பளம். பிறந்தது சாயல்குடிப் பக்கம், பனங்காட்டுக்குள். வாக்கப்பட்டது பாம்பனில், வலைக்காரர் வீட்டில். ஒரு பக்கம் நார், இன்னொரு பக்கம் கணவாய். நடுவில் லேப்.

லேப் சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது. எந்தப் பொருள் எவ்வளவு விறைப்பு என்று கிகாபாஸ்கல் கணக்கில். எஃகு 200, அலுமினியம் 70, எலும்பு 18, மரம் 10. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு எண். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அது நியாயம். ஐப்பசி மழையில் இழுத்தாலும் சித்திரை வெயிலில் இழுத்தாலும் எஃகு எஃகுதான். எலும்புக்கும் மரத்துக்கும் எப்படி ஒரே எண் போடுகிறார்கள்? எந்த எலும்பு? அறுத்த உடனே எடுத்ததா, அலமாரியில் ஆறு மாதம் கிடந்ததா? காய்ந்த எலும்பு விறைப்பு கூடி நிற்கும், ஆனால் விரிசல் விட்டால் பட்டென்று போய்விடும். ஈர எலும்பு கொஞ்சம் வளையும், கொஞ்சம் பொறுக்கும். இரண்டும் ஒரே ஆட்டின் எலும்புதான், சோதனையில் இரண்டு பொருள். (பிரியாணியிலிருந்து எடுத்துக் கழுவிக் கொண்டுவந்த எலும்பு மூன்றாவது பொருள். வேகும்போது அதிலிருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாகப் பிரிந்துவிடுகிறது. பிள்ளைகள் வருஷாவருஷம் அதைத்தான் கொண்டுவருகிறார்கள்.)

மர வியாபாரம் தெரிந்தவர்கள் இந்த விஷயத்தில் யோக்கியமானவர்கள். மரத்தின் வலிமையைச் சொல்லும்போது 12 சதவீத ஈரத்தில் சோதித்தது என்று சேர்த்தே சொல்வார்கள். உயிரிலிருந்து வந்த மற்ற எல்லாப் பொருளுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

அம்மாவிடம் வருகிறேன். பனை மட்டையை வெட்டி, இரண்டு ஓரத்துக் கருக்கையும் சீவித் தள்ளி, மேல்தோலோடு சேர்த்து நாரை உரித்தெடுப்பாள். காயவைத்துக் கட்டி வைத்துக்கொண்டால் தேவைப்படும்போது எடுத்து முடையலாம். முடைவதற்கு முன்னால் தண்ணீரில் ஊற வேண்டும். எவ்வளவு நேரம் என்று அவளிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "பதம் வர்ற வரைக்கும்" என்பாள். பதத்தை அவள் பார்க்கும் விதம் இது: ஊறிய கட்டிலிருந்து ஒரு நாரை உருவி, துணியில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்து, கீழுதட்டில் வைப்பாள். ஜில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் அதிகம், நிழலில் விரிக்க வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஊறல் பற்றாது. நடுவில் ஒரு நிலை. அது வந்ததும் நாரைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மடித்துக் காதருகே கொண்டுபோவாள். சின்னதாய் ஒரு 'டிக்' கேட்டால் திரும்பத் தண்ணீருக்குள் போகும். சத்தமே இல்லாமல் மடிந்தால் உட்கார்ந்து முடைய ஆரம்பிப்பாள்.

எங்கள் லேபில் இதே வேலைக்கு எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போட்டு, ஈரத்தின் சதவீதம் கண்டுபிடிப்போம். ஒரு நாள் ஆகும். உதடு ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது.

அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது? நாருக்குள் செல்லுலோஸ் இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. படிகமாக இருக்கும் செல்லுலோஸை நீளத்தில் இழுத்தால் அதன் விறைப்பு 130 கிகாபாஸ்கலுக்குக் குறையாது. சுவர்ப் பட்டியலில் இருக்கும் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் படிகத்துக்குள் தண்ணீர் நுழையவே முடியாது. நுழையும் இடம் வேறு. படிக இழைகளுக்கு நடுவே ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், ஒழுங்கில்லாமல் கிடக்கும் செல்லுலோஸ் எல்லாம் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் உள்ளே போய் அந்தப் பிடிகளில் பலவற்றைத் தளர்த்தித் தானே இடையில் உட்கார்ந்துகொள்கிறது. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர இடம் கிடைக்கிறது. மடித்தால் வெளிப்பக்கம் இழுபடும்போது உட்பக்கம் நகர்ந்துகொடுக்கிறது. ஈரம் போனதும் பிடிகள் திரும்ப விழுந்து, மடிந்த இடத்திலேயே நார் உறைந்துவிடுகிறது. பெட்டி பெட்டியாக நிற்பதே இதனால்தான். ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது.

இன்னொரு விஷயம் உண்டு. ஊறினால் நார் நீளத்தில் கூடுவது கண்ணுக்கே தெரியாது. அகலத்திலும் கனத்திலும்தான் உப்பும். ஆகவே காயும்போது ஒவ்வொரு நாரும் அகலத்தில் சுருங்கி, பின்னலுக்கு நடுவே சந்து விழும். அம்மா முடைந்ததை ஒரு பகல் நிழலில் போட்டுவிட்டு, சாயந்தரம் எடுத்து ஒவ்வொரு வரிசையாக விரலால் கீழே தள்ளி நெருக்கிய பிறகுதான் விளிம்பு கட்டுவாள். அவசரத்தில் விளிம்பு கட்டிய பெட்டிகளைப் பஸ் ஸ்டாண்டு கடைகளில் பார்க்கலாம். தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினால் சல்லடையாகத் தெரியும். வாங்காதீர்கள்.

சித்தி மகளுக்குப் பதில் இப்போது கிடைத்திருக்கும். கடற்கரைக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. நார் அந்த ஈரத்தில் ஒரு பங்கை இழுத்து வைத்துக்கொண்டு வளையும் தன்மையோடு இருக்கிறது. ஏசி என்ன செய்கிறது? அறைக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்கிக் குழாய் வழியாக வெளியே சொட்டவிடுகிறது. மாதக்கணக்கில் அப்படிப்பட்ட காற்றில் கிடந்த நார், மூலையில் ஏற்கெனவே மடிந்து இறுகிய இடத்தில், மூடியைத் திறந்து மூடும்போது முறியத்தான் செய்யும். சமையலறையில் வை, மாதத்துக்கு ஒரு தடவை ஈரத் துணியால் துடை. ஊறவைக்காதே, பூஞ்சணம் பிடிக்கும்.

பாம்பன் வீட்டுக்கு வந்தால் இதே கதை வேறு மாதிரி நடக்கிறது. மாமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பருத்தி நூல் வலை. மரப்பட்டையை வேகவைத்த சாயத்தில் வலையை முக்கி முக்கிக் காயப்போடுவார்களாம். நைலான் வந்தபோது ஊரே அதிசயித்தது என்பார். ஆனால் ஒன்று சொல்வார்: "நூல் வலைக்குத் தண்ணிக்குள்ளதாம்மா பலம். கரையிலதான் அது செத்துப்போகும்." முதலில் பழம்பெருமை என்று நினைத்தேன். அப்புறம் புத்தகத்தைப் புரட்டினால் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்: பருத்தி நனைந்தால் வலு 10 முதல் 20 சதவீதம் வரை கூடுகிறது, நைலான் நனைந்தால் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் குறைகிறது. பருத்தி இழைக்குள் தண்ணீர் போய் இறுக்கங்களைத் தளர்த்த, பாரம் எல்லாப் படிகங்கள் மேலும் ஒழுங்காகப் பகிர்ந்து விழுகிறது. கரையில் அது சாவது கிருமிகளால், மட்குவதால். பட்டைச் சாயம் அதற்குத்தான். நைலான் ஜெயித்தது மட்காததால். நனைந்தால் பலம் கூடும் என்பதால் அல்ல. மாமா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

கணவாய்க்கு வருவோம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி.

தெற்குவாடியிலிருந்து ஊசிக் கணவாய் வந்தால் அத்தைதான் ஆய்வார்கள். தலையைப் பிடித்து இழுத்துக் குடலோடு உருவி, கண்ணுக்குக் கீழே அறுத்து, கால்களுக்கு நடுவில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. சின்ன உருண்டைச் சதை ஒன்று பிதுங்கி வரும். அதற்குள் இருப்பதுதான் அலகு, மேலொன்று கீழொன்று. அத்தை தூக்கி எறிவதை நான் பொறுக்கிக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். நுனி கறுப்பு. அங்கிருந்து பின்னால் போகப்போகக் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு வெளிறி, கடைசியில் சதைக்குள் புதைந்திருக்கும் இறக்கைப் பகுதி கண்ணாடியாகத் தெரியும். எங்கே நிறம் மாறுகிறது என்று கோடு போடவே முடியாது. நுனியை விரலில் குத்தினால் குத்தும். இறக்கையைக் கிள்ளினால் துவண்டு மடியும். ஒரே துண்டு, ஒட்டு கிடையாது.

2008ல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் அலி மிசெரெஸும் கூட்டாளிகளும் பசிபிக் கடலின் ஹம்போல்ட் கணவாய் அலகை அளந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆள் உயரத்தை நெருங்கும் கணவாய் அது, நம் ஊசிக் கணவாய் அதன் முன்னால் குஞ்சு. ஈரமாக அளந்தபோது நுனியின் விறைப்பு 5 கிகாபாஸ்கல், இறக்கையில் 0.05. நூறு மடங்கு வித்தியாசம், அதுவும் ஒரே துண்டுக்குள். சுண்ணாம்போ உலோகமோ எதுவும் அதில் இல்லை. கைட்டின் (நண்டு ஓட்டிலும் இருப்பது), புரதம், தண்ணீர், அவ்வளவுதான். நுனியில் புரதங்கள் ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் இறுக்கப்பட்டு, அந்த இறுக்கமே தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. இறக்கையில் அந்தப் பிணைப்பு கிடையாது. எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

ஏன் இவ்வளவு பாடு? கணவாய்க்கு உடம்பில் எலும்பு இல்லை. அலகைப் பிடித்திருப்பது வெறும் சதை. முழுக்கக் கெட்டியான அலகைச் சதையில் நேராகப் பதித்தால், அது பிடி இல்லாத கத்தி. கடிக்கிற வேகத்தில் மீனை அறுப்பதற்கு முன் தன் வாயையே அறுத்துக்கொள்ளும். கெட்டி மெல்லமெல்லக் குறைந்து சதையின் மென்மையைத் தொடும்போது அறுப்பதற்கு ஒரு விளிம்பே இல்லாமல் போகிறது.

இனி என் கட்சிக்கு வருகிறேன். அதே அலகைக் காயவிட்டு அளந்தால் நுனி ஏறக்குறைய 10, இறக்கை ஏறக்குறைய 5. நூறு மடங்கு வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. அலகின் அருமையே அந்தப் படிப்படியான இறக்கம்தான். காய்ந்ததும் அது காணாமல் போகிறது. ஜன்னல் ஓரத்தில் காயவைத்த அலகு என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. இறக்கைகள் சுருண்டு, கிள்ளினால் பொடிகிறது. மியூசியத்தில் காய்ந்த அலகைப் பார்த்தவருக்குக் கணவாய் என்ன சாமர்த்தியம் செய்து வைத்திருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

சிப்பியிலும் இதுவே. முத்துச்சிப்பியின் உள்பக்கப் பளபளப்பு 95 சதவீதம் அரகோனைட், அதாவது சுண்ணாம்புப் படிகம். அரை மைக்ரோமீட்டர் கனத்தில் தட்டுத் தட்டாக அடுக்கி, நடுவில் மிக மெல்லிய புரதம். வெறும் அரகோனைட்டை உடைக்க ஆகும் வேலையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு வேலை இதை உடைக்க ஆகிறது. 1988ல் ஜாக்சன், வின்சென்ட், டர்னர் மூவரும் இங்கிலாந்தில் காட்டியது, ஈரமாக இருக்கும்போதுதான் இது அதிகம் தாங்குகிறது என்பதை. விறைப்பு சற்றுக் குறையும். ஆனால் புரதம் இழுபட்டுக் கொடுத்து, தட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழுகி, விரிசலை அலைக்கழிக்கும். முத்தும் இதே சரக்குதான். பேங்க் லாக்கரில் வருஷக்கணக்காகப் பூட்டி வைக்காதே, போட்டுப் பழகு, ஈரத் துணியால் துடை என்று முத்து வியாபாரிகள் சொல்வது நகையை வெளியே காட்டச் சொல்லும் ஆசை அல்ல.

கீழக்கரைப் பக்கம் சங்கறுக்கிற இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்பார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது சூட்டைத் தணிக்க, தூசியை அடக்க. சங்கின் கட்டுமானமே வேறு. மெல்லிய படிகப் பட்டைகள் ஒரு அடுக்கில் ஒரு பக்கமாகவும் அடுத்த அடுக்கில் குறுக்காகவும் சாய்ந்து, விரிசல் போகும் வழியையெல்லாம் மறிக்கும். கரீபியன் கடலின் பெரிய இளஞ்சிவப்புச் சங்கில் இதைச் சோதித்து 2000ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

கடைசியாகக் கடல் அட்டை, கடலடியில் கிடக்கும் மெத்தென்ற பிராணி. 2001லிருந்து பிடிப்பது குற்றம், வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மாணவர்கள் யாராவது 'புராஜெக்டுக்கு' என்று ஆரம்பித்தாலே வாயை அடைத்துவிடுவேன். தடைக்கு முன்னால் கரையெல்லாம் அட்டை அவிக்கும் அண்டாக்கள். அவித்து, மணலில் புதைத்து, மேலே இருக்கும் சுண்ணாம்புத் தோலைத் தேய்த்துப் போக்கி, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். கப்பலேறிப் போன இடத்தில் அதையே நாள்கணக்கில் ஊறவைத்து மெதுவாக்கிச் சமைப்பார்கள்.

உயிரோடு இருக்கும் அட்டை இந்த வேலையைத் தானே செய்கிறது, அடுப்பும் இல்லாமல் வெயிலும் இல்லாமல். தொட்டால் தோல் விறைக்கும். கசக்கித் தொந்தரவு செய்தால் இளகி வழியும். தசையால் அல்ல. தோலில் இருக்கும் கொலாஜன் இழைகளுக்கு நடுவிலான பிடியை நரம்பு வழியாகவே கூட்டவும் குறைக்கவும் அதற்குத் தெரியும். இறுக்க ஒரு தனிப் புரதமே உண்டு. ஜப்பானில் மோட்டோகாவா குழுவினர் பார்த்தது இன்னும் சுவாரஸ்யம்: தோல் விறைக்கும்போது அதிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. 2008ல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் செய்தார்கள். அதற்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள். காய்ந்திருந்தால் இழைகள் ஒன்றையொன்று பிடித்து விறைக்கும், ஈரம் பட்டால் பிடி விட்டு இளகும். மூளைக்குள் செருகும் மின்முனைக்கு என்று யோசித்தார்கள், செருகும்போது விறைப்பாக, உள்ளே போனதும் மெதுவாக. அம்மாவின் நார் செய்வதும் அதையேதான். அவர்கள் சொன்ன காரணமும் அந்த ஹைட்ரஜன் பிணைப்பேதான். அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்பு?" என்றாள்.

இந்த வருஷம் லேபில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறேன். நார், ஓலை, மரம், எதுவானாலும் மெஷினில் மாட்டுவதற்கு முன் கண்ணாடி ஜாடிக்குள் போக வேண்டும். ஜாடியின் அடியில் கரையாமல் உப்பு தங்கி நிற்கும் அளவு கெட்டியான உப்புக் கரைசல். மூடி வைத்தால் உள்ளே காற்றின் ஈரம் 75 சதவீதத்தில் நின்றுவிடும். ஏசி வேண்டாம், கருவி வேண்டாம், வாலிநோக்கம் உப்பு போதும். நார் கரைசலில் படாமல் மேலே தொங்க வேண்டும், எடை மாறாமல் நிற்கும்வரை இருக்க வேண்டும். பிறகு எடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் ஈரத்தையும் எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது என்று பிள்ளைகள் முனகுகிறார்கள். மார்ஜினில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சோதனைக்கு நார் கேட்டபோது அம்மா ஒரு கட்டுக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் முடிச்சும் வெடிப்பும், ஒன்றுகூட ஒரே அகலத்தில் இல்லை. "இது கழிச்ச நாரும்மா." "ஆமா. அறுத்துப் போடுறதுக்கு நல்ல நாரு எதுக்குத்தா?" எங்கள் லேபில் பனைநாருக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் எண்கள் எல்லாம் அம்மா கழித்த நாருக்கான எண்கள். நல்ல நார் வேண்டுமென்றால் பெட்டிக்கு ஆகும் விலையை வைக்கச் சொல்கிறாள். அதை எந்தக் கணக்கில் பில் போடுவது என்று ஆபீசில் கேட்டிருக்கிறேன்.